ஊட்டுப்புரையிலிருந்து சாயக்கடைக்கு: நெய்யாற்றின்கரை – பாறசாலை வழியில் உண்பவரின் வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. முதல் ஐந்து ஊர்களும் கேரளத்தில் இருக்கின்றன. கடைசி ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்த வழியில் பயணம் செய்யும் ஒருவர் ஏதேனும் ஒரு சாயக்கடையில் நுழைந்து, காலியான பெஞ்சில் அமர்ந்து, ஒரு சாயாவும் ஒரு ரசவடையும் கேட்கலாம். அவர் என்ன சாதி, எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று கடைக்காரர் கேட்பதில்லை. இந்தக் கேளாமை இன்று மிக இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் வரலாற்றுக் கணக்கில் அது மிகவும் இளையது.

உணவின் வரலாறு பெரும்பாலும் பண்டங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மிளகாய் எப்போது வந்தது, இட்லி எங்கிருந்து வந்தது, காப்பி யாரால் பரவியது என்னும் கேள்விகள் அதில் முன்னிற்கின்றன. அவை தேவையான கேள்விகளே. எனினும், வீட்டுக்கு வெளியே உண்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மூன்று கேள்விகள் எழுகின்றன. யார் உட்காரலாம்? எந்தப் பாத்திரத்தில் உண்ணலாம்? உண்ணும் இடத்துக்கு என்ன பெயர்? தெற்குத் திருவிதாங்கூரில் இம்மூன்று கேள்விகளுக்கும் காலந்தோறும் மாறிவந்த விடைகளே ஒரு சமூக வரலாறாக விரிகின்றன.

1. ஊட்டு

இப்பகுதியில் வீட்டுக்கு வெளியே உண்பதற்கான நிறுவனங்களின் தொன்மை வியப்புக்குரியது. எல்லைக்கு மிக அருகே, முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே ஒரு திருமால் கோயிலையும் அதனுடன் ஒரு சாலையையும் நிறுவினான். அதற்கான செப்பேடு திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பிக்கப்பட்டுள்ளது. அச்சாலையில் 95 சட்டர்களுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. உணவும் உறைவிடமும் கல்வியும் ஒன்றாக அமைந்த நிறுவனத்தை அக்காலத்தில் ‘சாலை’ என்னும் சொல் குறித்தது. இன்று அச்சொல்லுக்குப் பாதை என்பதே முதற்பொருள். அறச்சாலை, பாடசாலை போன்ற தொடர்களில் மட்டும் பழைய பொருள் எஞ்சி நிற்கிறது.

பிற்காலத் திருவிதாங்கூரில் இம்மரபு ஊட்டுப்புரை என்னும் வடிவம் பெற்றது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மரும் அவருக்குப் பின்வந்தோரும் கோயில்களை ஒட்டியும் பயண வழிகளிலும் ஊட்டுப்புரைகளைப் போற்றினர். பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் காணக்கிடைக்கும் ஊட்டுப்புரை இரு தளங்கள் கொண்டது. ஏறத்தாழ 2,000 பேர் ஒரே நேரத்தில் உண்ணத்தக்கது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபமும் இந்த ஊட்டின் பெருவிழா வடிவமே. இத்தகைய கொடைகளால் திருவிதாங்கூர் ‘தர்மபூமி’ என்று புகழப்பட்டது.

அந்தத் தர்மத்தின் இலை யார் முன் விரிந்தது என்பதே கேள்வி. ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கானவை. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மற்றீர் 1871இல் வெளியிட்ட நூலுக்கு ‘தர்மபூமி’ என்னும் பொருள்தரும் தலைப்பையே இட்டார். அத்தலைப்பில் புகழ்ச்சியைவிட அங்கதமே மிகுதி. வரி செலுத்தும் உழைப்பாளிக்கு வழியில்கூட இடமில்லாதபோது, அந்த வரியால் ஒரு பிரிவினர் மட்டும் உண்கின்றனர் என்பதே அவருடைய குறை. மிஷனரிகளின் எழுத்தில் சமய நோக்கு கலந்திருந்தது உண்மை. ஆயினும் அரசின் செலவில் நடந்த உணவுக்கொடை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது என்னும் செய்தி அந்த நோக்கால் பொய்யாகிவிடவில்லை.

இங்கே சொல்லின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ‘உண்’ என்பது தன்வினை. ‘ஊட்டு’ என்பது அதன் பிறவினை. ஊட்டுப்புரை என்னும் பெயரில் எழுவாயாக நிற்பவர் ஊட்டுபவர், உண்பவர் அல்லர். யாருக்கு ஊட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை கொடையாளிக்கே உண்டு. உண்பவர் தகுதியால் அழைக்கப்படுகிறார், உரிமையால் நுழைவதில்லை. அறத்தின் மொழியிலேயே ஒரு படிநிலை உள்ளுறைந்திருந்தது என்பதை இந்த ஒரு பிறவினை விகுதி காட்டிக்கொடுக்கிறது.

2. அம்பலமும் பந்தலும்

ஊட்டுப்புரைக்குள் செல்ல முடியாத வழிப்போக்கருக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்கள், வெயிலுக்கும் இரவுக்கும் வழியம்பலங்கள், கோடையில் மோரும் சம்பாரமும் தரும் தண்ணீர்ப்பந்தல்கள் முதலியன வழியெங்கும் அமைந்திருந்தன. வழியம்பலம் என்னும் சொல்லில் ‘அம்பலம்’ பொதுவிடம் என்னும் பழந்தமிழ்ப் பொருளில் நிற்கிறது. இன்றைய மலையாளத்தில் தனித்து வரும் ‘அம்பலம்’ கோயிலையே குறிக்கிறது. ஒரே சொல் ஒரு பக்கம் அனைவருக்கும் பொதுவான கூடத்தையும் மறுபக்கம் பலர் நுழைய முடியாதிருந்த கோயிலையும் சுட்டிநின்றது இந்நிலத்தின் வரலாற்றுக்குப் பொருத்தமானதே.

பொதுவிடம் என்பதும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. தீண்டாமை இப்பகுதியில் தொடுவதோடு நிற்கவில்லை. இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தொலைவாலும் அளக்கப்பட்டது. புலையர், பறையர், சாம்பவர் முதலிய உழைக்கும் சாதியினருக்கு வழியில் நடப்பதே போராட்டமாக இருந்தது. நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்குக்கூட 1859ஆம் ஆண்டு அரசாணை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் வழியோரத்தில் அமர்ந்து உண்பது எண்ணத்துக்கே எட்டாதது. கையில் கட்டிக்கொண்டுபோன சோற்றை மரத்தடியில் உண்பதே அவர்களுக்கு ‘வெளியில் உண்பது’.

3. வழி, பள்ளி, கோயில்

இக்கட்டுமானத்தை உடைத்த நிகழ்வுகளில் பல, பழைய நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள்ளேயே நடந்தன என்பது குறிப்பிடத்தக்கது. 1888இல் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவினார். சாதிப்பிரிவும் சமயப்பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் கருத்தை அங்கே பொறிக்கச் செய்தார். 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, தம் சாதியினருக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் வில்வண்டியில் ஏறிச் சென்றார். 1910களில் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றார். எதிர்த்தவர்கள் பள்ளிக்கூடத்தையே எரித்தனர்.

அவ்வூரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஊர், ஊட்டு, அம்பலம் என்னும் மூன்று சொற்கள் கிடைக்கின்றன. ஊரூட்டு என்பது ஊர் கூடி நடத்தும் கோயில் விருந்துவிழாவைக் குறிக்கும் தென்திருவிதாங்கூர் வழக்கு. ஊருக்கெல்லாம் உணவிடும் அம்பலம் என்று பெயர் பெற்ற ஊரில் ஒரு சிறுமி பெஞ்சில் அமர்ந்ததைப் பொறுக்காமல் தீ வைக்கப்பட்டது. ‘ஊர்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே அன்றைய வழக்கின் சாரம்.

சேர்ந்து உண்பது இக்காலச் சீர்திருத்தத்தின் முதன்மையான கருவிகளுள் ஒன்றாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் பல சாதியினரையும் ஒரே கிணற்று நீரைப் புழங்கவும் ஒன்றாக உண்ணவும் செய்தார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலேய ரெசிடென்சியில் பணியாற்றிய தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகள், தம் இல்லத்தில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தியதாக அவருடைய வரலாறு கூறுகிறது. வடக்கே செறாயியில் 1917 மே 29ஆம் நாள் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிசிரபோஜனம் அவருக்குப் ‘புலையன் அய்யப்பன்’ என்னும் வசைப்பெயரை ஈட்டித் தந்தது. அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். தமிழகத்தில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரு பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி இட்ட செய்தி 1924–25இல் காங்கிரசுக்குள் பெரும் பிளவை உண்டாக்கியது. பெரியார் காங்கிரசை விட்டு விலகியதன் பின்னணியில் இப்பந்திச் சிக்கலும் இருந்தது.

1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேச அறிக்கை அரசின் கீழிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. இந்திய அளவில் அது பெரிதும் போற்றப்பட்டது, போற்றத்தக்கதும் கூட. ஆனால் அது கோயில் வாசலுக்கு மட்டுமே பொருந்தியது. கடவுளின் முன் நிற்கலாம் என்று ஆன பிறகும் காப்பிக்கடையின் பெஞ்சில் அமரலாமா என்னும் கேள்வி விடையின்றியே இருந்தது.

4. கடை

பணம் கொடுத்து உண்ணும் கடை, ஊட்டிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. இங்கே ஊட்டுபவர் இல்லை. விற்பவரும் வாங்குபவருமே உண்டு. காசு சாதி அறியாது என்னும் நம்பிக்கை இயல்பாகவே எழுகிறது. ஆனால் தொடக்கக் கால உணவுக்கடைகள் ஊட்டுப்புரையின் நெறிகளைத் தம்மோடு சுமந்தே வந்தன. சமைப்பவர் பிராமணராக இருந்தால் எவரும் உண்ணலாம் என்னும் சாதிக்கணக்கே பிராமணர் நடத்திய காப்பி கிளப்புகளின் வணிக அடித்தளம். உள்ளே பிராமணருக்குத் தனி அறை, மற்றவருக்குப் பொது அறை, வேறு சிலருக்கு வாசலும் இல்லை என்பது தென்னிந்தியா முழுவதற்கும் பொதுவான அமைப்பாயிற்று. தென்னிந்திய இரயில்வேயின் நிலையங்களிலிருந்த உணவுச்சாலைகளிலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் பிரிவினை நிலவியது. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் அது நீங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957இலும் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

காப்பி கிளப்பின் வரலாறு இவ்வாறிருக்க, சாயக்கடையின் வரலாறு சற்றே வேறானது. தேநீர், காப்பியைவிட மலிவானது. 1930களில் தேயிலை நிறுவனங்கள் உள்நாட்டுச் சந்தையை நாடிப் பெரும் பரப்புரையில் இறங்கின. ஓர் அடுப்பு, ஒரு சமோவர், இரண்டு பெஞ்சு இருந்தால் கடை தொடங்கலாம் என்பதால் பிராமணரல்லாத பல சாதியினரும் சமயத்தாரும் இத்தொழிலுக்கு வந்தனர். 1938இல் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை தொடங்கியபின் பேருந்து நிற்கும் இடமெல்லாம் சாயக்கடை முளைத்தது. ஒரே பேருந்தில் தோளோடு தோள் உரசி வந்தவர்களை இறங்கியதும் தனித்தனியே பிரிப்பது எளிதாக இல்லை.

எனினும் சாயக்கடையும் தொடக்கத்திலேயே சமத்துவத்தின் கூடமாக இருக்கவில்லை. உழைக்கும் சாதியினருக்குக் கடைக்கு வெளியே, சிரட்டையில் சாயா ஊற்றித் தரும் வழக்கம் இருந்தது. அய்யன்காளியின் தலைமையில் நடந்த விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகளில், சிரட்டையில் தேநீர் தருவதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கூலி, பள்ளி, வழி ஆகியவற்றோடு ஒரு தேநீர்க் குவளை இணையாக வைக்கப்பட்டது. அவமதிப்பை அன்றாடம் கையில் ஏந்திக் குடிக்க வேண்டியவருக்கே அந்த வரிசையின் நியாயம் முழுமையாக விளங்கும். தமிழகத்தில் இரட்டைக் குவளை என்று அறியப்படும் வழக்கம் இதன் உடன்பிறப்பே.

5. சட்டத்தில் ஒரு குவளை

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. இது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால் உண்பவரின் வரலாற்றுக்கு 15ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு இன்னும் நெருக்கமானது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று அது கூறுகிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவையும் அதே கூறில் இடம்பெறுகின்றன. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட நேர்ந்தது அந்நாட்டின் உணவகங்கள் இருந்த நிலைக்குச் சான்று.

1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. உணவகத்தில் நுழைவதைத் தடுப்பது மட்டுமன்றி, அங்கே பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்பது அன்றைய தண்டனை. 1976இல் இச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறி வலுப்பெற்றது. சட்டம் எழுதியோர் சிரட்டையை அறிந்திருந்தனர் எனலாம். உள்ளே விட்டுவிட்டு வேறு குவளையை நீட்டும் தந்திரத்துக்கும் அவர்கள் வழி அடைக்க முயன்றனர்.

ஆக, இந்நிலத்தில் ஒடுக்கப்பட்டவரின் உரிமைகள் வழி, பள்ளி, கோயில், பந்தி என்னும் வரிசையில் வந்தன. சட்டத்தின் சொல்லில் பந்தியே கடைசியாக வந்தது. உணவு உடலுக்குள் செல்வதாலும், உடன் உண்ணுதல் மணவுறவுக்கு முந்திய படியாகக் கருதப்பட்டதாலும் இந்த எதிர்ப்பு நீடித்தது. கோயிலைத் திறக்க அரசரின் ஓர் அறிக்கை போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கான சிறுகடைகளின் பெஞ்சுகளைத் திறக்க அறிக்கை போதவில்லை.

6. எல்லையும் அரிசியும்

1956 நவம்பர் 1 அன்று இந்த வழி இரண்டாக வகுக்கப்பட்டது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அப்போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே மாநில எல்லை வந்தது.

நாஞ்சில் நாட்டு வயல்கள் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தவை. இரண்டாம் உலகப்போரில் 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூரில் கடும் பஞ்சம் நேர்ந்தது. அன்று ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அப்பயிரைப் பரப்பியதன் பயன் அறுபது ஆண்டுக்குப் பின் தெரிந்தது. எல்லை பிரிந்தபின் நாஞ்சில் நாட்டு நெல் மற்றொரு மாநிலத்தின் நெல்லாயிற்று. 1960களின் நடுப்பகுதியில் அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தபோது, நேற்றுவரை ஒரே சந்தையாக இருந்த ஊர்களுக்கிடையே அரிசி கடத்தற்பொருளாகியது. பாறசாலைக் கடை ஒன்றில் இலையில் விழுந்த சோறு எந்தப் பக்கத்து வயலில் விளைந்தது என்பது காவல்துறைக்குரிய கேள்வியாக மாறிய காலம் அது.

எல்லை உண்பவரின் பழக்கத்தையும் திருப்பியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடைகள் தொடர்கின்றன. கள்ளுக்கடை என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று. மரச்சீனியும் காரமான மீன்கறியும் கிடைக்கும் உணவிடமும் ஆகும். இரு மாநிலச் சட்டங்களின் வேறுபாடு ஒரே உணவு மரபின் ஒரு கூறை எல்லையின் ஒரு பக்கத்தில் மட்டும் வாழவிட்டிருக்கிறது.

7. எல்லைக்குக் கட்டுப்படாத சொற்கள்

மாநில எல்லை கோடாக வரையப்பட்டது. சொற்களின் எல்லை அக்கோட்டின் மேல் விழவில்லை. திருவனந்தபுரத்தார் சொல்லும் ‘மரச்சீனி’யைத்தான் கன்னியாகுமரித் தமிழரும் சொல்கின்றனர். மத்தியக் கேரளத்தில் அது கப்பை. தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி அல்லது குச்சிக்கிழங்கு. அதாவது பாறசாலை மலையாளி கோட்டயத்து மலையாளியோடு வேறுபட்டு, மார்த்தாண்டத்துத் தமிழரோடு ஒன்றுபடுகிறார். ஏத்தன் வாழை, தீயல், புளிசேரி, எரிசேரி ஆகிய சொற்களும் இருபுறமும் வழங்குகின்றன. இருபுறத்து விருந்திலும் சோற்றில் முதலில் விழுவது சாம்பார் அன்று, பருப்பு. மறுதலையாக, திருவனந்தபுரத்து விருந்தில் பால்பாயசத்தோடு பரிமாறப்படும் போளி, தமிழ்ச் சமையலோடு அந்நகருக்கிருந்த நெடுநாளைய உறவின் அடையாளம்.

‘சாயா’வின் பயணம் இன்னும் நீண்டது. உலக மொழிகள் இந்தப் பானத்தைப் பெரும்பாலும் இரண்டு பெயர்களால் அழைக்கின்றன. சீனத்தின் ஒரு வட்டார வழக்கிலிருந்து டச்சு வணிகர் வழியே ‘தே’, ‘டீ’ ஆகிய வடிவங்கள் பரவின. பிற வழக்குகளிலிருந்து ‘சா’, ‘சாய்’ ஆகியவை பரவின. தமிழின் தேயிலையும் ஈழத் தமிழரின் தேத்தண்ணீரும் முதல் வகை. மலையாளத்தின் சாயா இரண்டாம் வகை. கன்னியாகுமரித் தமிழர் தமிழ்நாட்டில் இருந்தபடியே சாயா குடிக்கின்றனர். பாலில்லாதது அவர்களுக்குக் கட்டஞ்சாயா. சொல்லெல்லைக் கோடு மாநில எல்லைக்குக் கிழக்கே தள்ளி ஓடுகிறது.

எல்லைகள் இடம் மாறினாலும் பெயர்கள் மாறாமல் நிற்பதற்கும் உணவுலகிலேயே சான்று உண்டு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பிரானூர் பழைய திருவிதாங்கூர் எல்லையில் இருந்தது. 1956இல் எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. ஆனால் அவ்விடம் இன்றும் ‘பிரானூர் பார்டர்’ தான். பரோட்டா தின்னச் செல்பவர்கள் ‘பார்டர் கடை’க்குப் போவதாகவே சொல்கின்றனர். மறைந்துபோன ஓர் அரசின் எல்லையை அவர்கள் நாவில் வைத்திருக்கின்றனர்.

8. கணக்கு

உண்பவரின் அனுபவத்தை இந்நிலத்தின் இலக்கியம் எழுதியிருக்கிறது. ஜெயமோகன் 2011இல் எழுதிய ‘சோற்றுக்கணக்கு’ என்னும் கதை திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் கெத்தேல் சாகிப் நடத்திய உணவுக்கடையைப் பற்றியது. குமரி மாவட்டத்திலிருந்து படிக்க வந்த ஏழை மாணவன் அங்கே பசியாற உண்கிறான். கடையில் கட்டணம் கேட்பவர் இல்லை. ஓர் உண்டியல் மட்டும் உண்டு. விரும்பியவர் விரும்பியதைப் போடலாம், போடாமலும் போகலாம். வேலை கிடைத்தபின் அவன் தன் கடனைத் தீர்க்க உண்டியலில் பணத்தைக் கொட்டுகிறான். சாகிப் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முன்பு போலவே பரிமாறுகிறார்.

இதுவரை கண்ட வரலாற்றின் பின்னணியில் இக்கதையின் கடை தனித்துத் தெரிகிறது. ஊட்டுப்புரையில் கொடை இருந்தது. ஆனால் தகுதி கேட்கப்பட்டது. கடையில் தகுதி மெல்ல மறைந்தது. ஆனால் காசு கேட்கப்பட்டது. சாகிப்பின் கடையில் இரண்டும் கேட்கப்படவில்லை. ஊட்டின் கனிவும் கடையின் பொதுமையும் அங்கே ஒன்றாயின. உண்பவர் அங்கே குனிய வேண்டியதில்லை என்பதே அதன் உயர்வு.

அரசுகளும் பிற்காலத்தில் இதே சிக்கலுக்குத் தம் வழியில் விடை தேடியுள்ளன. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் விற்கப்பட்டன. 2020இல் கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்திய ஜனகீய ஹோட்டல்கள் 20 ரூபாய்க்கு ஊண் கொடுத்தன. இரண்டும் இலவசமாக வழங்காமல் சிறு விலையேனும் வைத்ததில் பொருள் உண்டு. விலை கொடுப்பவர் வாடிக்கையாளர். அவரை வரிசையிலிருந்து விலக்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டிலும் அடுப்படியிலிருந்து கல்லாப்பெட்டிவரை பெண்களே இருக்கின்றனர் என்பதும் புதிது. ஆண்கள் செய்தித்தாள் வாசித்து அரசியல் பேசும் கூடமாகவே நெடுங்காலம் இருந்த சாயக்கடையில், தனியாக வந்த ஒரு பெண் பெஞ்சில் அமர்வது எளிதாக இருந்ததில்லை. 15ஆம் உறுப்பு தடை நீக்கிய காரணங்களுள் சாதியோடு பாலும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஏட்டளவில் 1950இலேயே திறந்த அந்தப் பெஞ்சு அவளுக்கு நடைமுறையில் மெல்லவே திறந்து வருகிறது.

இவ்வரலாற்றை முடிந்துபோன ஒன்றாகக் கொள்வது பிழையாகும். பெயர்ப்பலகைகளும் தனிப்பந்திகளும் மறைந்தன. ஆனால் இரட்டைக் குவளை பற்றிய செய்திகள் தமிழகத்தின் சில ஊர்களிலிருந்து இந்த நூற்றாண்டிலும் வந்துள்ளன. சட்டம் வாசலைத் திறக்கும். குவளையை நீட்டும் கை மாறுவதற்கு அதைவிட நெடுங்காலம் ஆகிறது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள வழி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அவ்வழியில் ஒரு சாயக்கடைப் பெஞ்சில் யாரும் எதுவும் கேட்காமல் ஒருவர் கையில் கண்ணாடிக் குவளை வந்து சேர்வதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. சாயா ஆறுவதற்குள் குடித்து எழுந்துவிடும் பயணிக்கு அந்தக் காலத்தொலைவு தெரிய வேண்டியதில்லை. அதை மறக்காமல் வைத்திருப்பது வரலாறு எழுதுவோரின் கடமை.